வீட்டில் சொல்லாத அறுவை சிகிச்சை: லேபியாபிளாஸ்டி செய்துகொண்ட ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வுக்குரிய பெண்ணின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அவரை முதலில் பரிசோதித்த மகளிர் நல மருத்துவர் நான். அறுவை சிகிச்சையைச் செய்தவர் எங்கள் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜன். லேபியாபிளாஸ்டி என்பது பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களைச் சிறிதாக்கும் சிகிச்சை. செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இதில் வராது. ஒரு பெண் தானாக விரும்பித்தான் இதற்கு வருகிறார். அதனால்தான் முடிவெடுக்கும் பொறுப்பு கூடுகிறது என்று நினைக்கிறேன்.

பின்னணி

31 வயது. கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். தினமும் ஸ்கூட்டியில் நெடுந்தூரம் சென்று அலுவலக வேலை பார்த்துத் திரும்புபவர்.

அவர் சொன்ன தொல்லை இது: வண்டியில் உட்கார்ந்தால் இடது பக்க இதழ் மடங்கி அழுந்துகிறது. வெயில் காலத்தில் வியர்வையோடு உரசிப் புண்ணாகிறது. மாதவிலக்கு நாட்களில் நாப்கினில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. தாம்பத்தியத்தின்போது சில நேரம் உள்ளே மடிந்து வலிக்கிறது. பூப்பெய்திய காலத்திலிருந்தே இடது பக்கம் பெரிதாக இருந்ததாம். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் சந்திப்பில் பரிசோதனை மேசையிலிருந்து இறங்கியதும் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படித்தானுங்க டாக்டர் இருந்துச்சு. நான் எந்தத் தப்பும் பண்ணலீங்க.”

இந்த வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதழ் பெரிதாக இருப்பது ‘கெட்ட பழக்கத்தால்’ வருவது, ஆண் சகவாசத்தால் வருவது என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது முழுப் பொய். பூப்பெய்தும் காலத்து ஹார்மோன்களும் பிறவி அமைப்பும்தான் இதழ்களின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஓரம் கருத்திருப்பதும் அப்படியே இயல்பானது. இதை அவரிடம் அன்றே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “இது எந்தத் தப்போட அடையாளமும் இல்லம்மா. கை விரல் நீளம் ஆளுக்கு ஆள் மாறுற மாதிரிதான்.” கொஞ்ச நேரம் அழுதார். அதன் பிறகுதான் மற்ற விவரங்களைப் பேச முடிந்தது.

பரிசோதனையில் கண்டவை

இடது உள்ளிதழ் அடியிலிருந்து ஓரம் வரை 4.6 செ.மீ. அகலம், வலது 3.1 செ.மீ. கட்டி இல்லை, வெள்ளைத் தழும்பு இல்லை, நிணநீர்க் கழலைகள் வீங்கவில்லை. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8 மட்டுமே.

இரு பக்கமும் தோல் மெலிந்து சிவந்திருந்தது. காரணம் கேட்டபோது கைப்பையிலிருந்து ஒரு க்ரீம் டியூபை எடுத்துக் காட்டினார். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கி, அரிக்கும்போதெல்லாம் பூசிவந்திருக்கிறார். இத்தகைய கலவை க்ரீம்கள் முதலில் அரிப்பை அடக்கும். தொடர்ந்து பூசினால் தோலை மெலியவைக்கும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் மோசமாகத் திரும்பும். குளிக்கும்போது டெட்டால் கலந்த தண்ணீரால் கழுவும் வழக்கமும் இருந்தது. ஆக, அவர் அனுபவித்த எரிச்சலில் எவ்வளவு இதழின் அளவால் வந்தது, எவ்வளவு க்ரீமாலும் டெட்டாலாலும் வந்தது என்று அன்றைய நிலையில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2005-ல் லண்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள்ளிதழின் அகலம் 7 மி.மீ. முதல் 50 மி.மீ. வரை இருந்தது. 2018-ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 657 பெண்களை அளந்தவர்களும் ‘இதுதான் இயல்பு’ என்று ஒரு கோடு கிழிக்க முடியாத அளவுக்கு வேறுபாடு இருப்பதையே கண்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பெண்ணின் 4.6 செ.மீ. இயல்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அவருக்கு நோய் எதுவும் இல்லை. தொல்லை மட்டும் இருந்தது. இந்த இரண்டையும் தனித்தனியாக அவரிடம் சொல்வது என் கடமை என்று கருதினேன்.

முதல் முடிவு: காத்திருப்பது

உடனே தேதி கேட்டார். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அது வேறு செலவுக்குப் போய்விடும் என்ற பயம். அழகுக்கான அறுவை சிகிச்சைகளை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதால் கைக்காசுதான் வழி. அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் 3 மாதம் பொறுக்கச் சொன்னேன். மருத்துவக் காரணங்கள் இரண்டு: ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் தையல் நிற்காது, இரத்தச்சோகையைச் சரிசெய்யாமல் அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. மூன்றாவதாக, தொல்லையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

கலவை க்ரீமைப் படிப்படியாக நிறுத்தினோம். டெட்டாலுக்குப் பதில் வெறும் தண்ணீர். பருத்தி உள்ளாடை, வண்டியில் கிளம்பும் முன் உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின், இறுக்கமான லெக்கின்ஸுக்குப் பதில் தளர்வான சுடிதார். இரும்புச்சத்து மாத்திரை.

இந்த இடைவெளியில் எங்கள் உளவியலாளர் அவரை இருமுறை சந்தித்தார். உடலின் ஒரு பகுதி அசிங்கமாக இருப்பதாக ஓயாமல் எண்ணி மருகும் உடல்தோற்ற மனக்கோளாறு இருந்தால் அறுவை சிகிச்சை அதைத் தீர்க்காது. பல நேரம் மோசமாக்கும். அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி 2020 ஜனவரியில் வெளியிட்ட கருத்துரையும் அறுவைக்கு முன் இதைச் சோதிக்கச் சொல்கிறது. இவருக்கு அந்தக் கோளாறு இல்லை. கூச்சம் இருந்தது. விளக்கை அணைத்தபின்தான் கணவரோடு இருப்பதாகச் சொன்னார்.

கணவரை முதல் சந்திப்பில் வெளியே இருக்கச் சொல்லியிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அழைத்துப் பேசினேன். அவர் தயங்கித் தயங்கி, “நான் ஒண்ணுமே சொன்னதில்லீங்க. அவளுக்கு வலிக்குதுன்னா பண்ணட்டுங்க” என்றார். வற்புறுத்தல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தியாவில் வயது வந்த பெண்ணுக்குத் தன் உடலில் நடக்கும் சிகிச்சைக்குத் தன் கையெழுத்தே போதும். கணவரின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. பல மருத்துவமனைகள் பழக்கத்தால் அதைக் கேட்கின்றன. அந்தப் பழக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்று மாத முடிவில்

தோல் தேறியது, அரிப்பு நின்றது. ஹீமோகுளோபின் 11.4. அவர் முதலில் பட்டியலிட்டவற்றில் பெரும்பகுதி குறைந்திருந்தது. வண்டியில் போகும்போது இதழ் மடங்கி அழுந்தும் வலி, நாப்கினில் ஒட்டி இழுப்பது, தாம்பத்தியத்தின்போது மடிவது ஆகிய மூன்றும் மட்டும் அப்படியே இருந்தன. “இப்பவே நின்னுக்கலாம், எதையும் வெட்ட வேண்டாம்” என்ற வழியையும் முன்வைத்தேன். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, செய்துகொள்வதாகத் தெளிவாகச் சொன்னார்.

அவர் வேறொன்றையும் கேட்டார். லேசர் மூலம் ‘இறுக்கும்’ சிகிச்சையையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் செய்வதாக எங்கோ விளம்பரம் பார்த்திருக்கிறார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையிலேயே, யோனியைப் ‘புத்துயிர்ப்பதாக’ச் சொல்லி இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது குறித்து எச்சரித்தது, தீக்காயம், தழும்பு, நாள்பட்ட வலி ஆகியவை நேரலாம் என்றது. அவருக்கு அது தேவையும் இல்லை. மறுத்துவிட்டோம்.

எந்த முறை, ஏன்

இரண்டு முறைகளை சர்ஜன் விளக்கினார். ஓரத்தை நீளவாக்கில் வெட்டித் தைப்பது ஒன்று. எளிது, தையல் விடுவதும் குறைவு. ஆனால் இயற்கையான ஓரம் போய், ஓரம் முழுக்கத் தழும்பு வரும். மற்றது, நடுவிலிருந்து ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு மேலும் கீழும் இருக்கும் பகுதிகளைச் சேர்த்துத் தைப்பது. 1998-ல் அமெரிக்க சர்ஜன் கேரி ஆல்டர் விவரித்த முறை இது. ஓரம் இயல்பாகவே இருக்கும். ஆனால் எல்லா இழுவையும் ஒரே தையல் கோட்டில் விழுவதால், அது பிரிந்தால் ஓரத்தில் பிளவோ நடுவில் ஓட்டையோ விழலாம்.

உரசலில் ஓரத் தழும்பு மேலும் வலிக்குமோ என்ற கவலையால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இடது பக்கம் குறைந்தது 2 செ.மீ.யாவது மீதி இருக்க வேண்டும், வலதில் மிகக் கொஞ்சமே எடுக்க வேண்டும் என்று வரையறுத்தோம். 1 செ.மீ.க்கும் கீழே குறைத்தால் வறட்சியும் வலியும் புதிதாக வரக்கூடும். எடுத்ததைத் திருப்பி ஒட்ட வழியில்லை. இரத்தக்கட்டு, தொற்று, தையல் விடுதல், தழும்பு வலி, தொடு உணர்ச்சி கூடுவது அல்லது குறைவது, இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் போவது, மறு அறுவை தேவைப்படுவது ஆகியவற்றைத் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, வேறொரு நாளில் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். இந்த அறுவையின் நெடுநாள் விளைவுகளைப் பற்றி உறுதியான ஆய்வுகள் குறைவு என்பதும் அந்தத் தாளில் இருந்தது.

அறுவை நாள்

மாதவிலக்கு முடிந்த மூன்றாம் நாள் தேதி குறித்தோம். அடுத்த விலக்கு வருமுன் புண் ஓரளவு ஆறிவிடும். நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்த்து, மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே கோடுகள் வரையப்பட்டன. ஊசி மருந்து இறங்கினால் இதழ் உப்பி அளவு மாறிவிடும். லேசான மயக்கத்தோடு, அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் ஊசி. தானாகக் கரையும் நூலால் இரண்டு அடுக்குத் தையல். வெட்டி எடுத்த துண்டு திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. அதில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு இரவு தங்கி மறுநாள் காலை வீடு திரும்பினார்.

கொடுத்த அறிவுரை வழக்கமானது: முதல் இரண்டு நாள் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், சிறுநீர் கழிக்கும்போதே மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரியாது, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 6 வாரத்துக்கு வண்டியும் தாம்பத்தியமும் வேண்டாம், ஒரு பக்கம் திடீரென்று கல் போல வீங்கினால் இரவானாலும் உடனே வர வேண்டும். ‘ஒரு வாரம் நல்ல ஓய்வு’ என்று கடைசி வரி.

நேர்ந்தது

3-ஆம் நாள் வரவேண்டியவர் வரவில்லை. செவிலியர் போனில் அழைத்தபோது, தணிந்த குரலில் “நல்லா இருக்கேனுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் ஆள் இருந்திருக்கிறார்கள்.

7-ஆம் நாள் காலை கணவரோடு வந்தார். இடது பக்கத் தையல் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. நீளத்துக்குப் பிரிந்திருந்தது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வீக்கமும் லேசான கசிவும் இருந்தன.

என்ன நடந்தது என்பது மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது. கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாரிடம் ‘தொடையில் சின்னக் கட்டி, எடுத்துட்டாங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் கடுமையானவர் அல்லர். இரண்டு நாள் சமையலறைப் பக்கமே வரவிடவில்லை. ஆனால் தொடைக் கட்டிக்கு எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? 5-ஆம் நாள், வளைகாப்பு முடிந்த நாத்தனாரைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவரும் விசேஷம். விடிகாலையிலிருந்து உறவுக் கூட்டம். மூத்த மருமகள் என்ற முறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார், பந்தி பரிமாறக் குனிந்து நிமிர்ந்திருக்கிறார், தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறார். வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட். ஒவ்வொரு முறையும் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். இரவு நாப்கினில் ரத்தம். மறுநாள் முழுதும் மருத்துவமனைக்குப் போக என்ன காரணம் சொல்வது என்று யோசித்தே கழிந்திருக்கிறது.

“காசும் போச்சு, புண்ணும் ஆச்சுங்க” என்றார். தன்னைத்தான் நொந்துகொண்டார். நொந்துகொள்ள அவர் பக்கம் எதுவும் இல்லை என்று அப்போதே சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். ‘ஓய்வு’ என்ற ஒரு சொல்லை நாங்கள் தாளில் எழுதினோம். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் வேண்டுமென்றால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல அவரால் முடியாது.

எடுத்த முடிவுகள்

உடனே மறுபடி தைக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஒரு வாரமான வீங்கிய திசு நொய்ந்திருக்கும். நூல் அதை மறுபடி அறுத்துக்கொண்டு வந்துவிடும். பிளவு சிறியது, தொற்றும் இல்லை. தானாக ஆறவிட்டு, தேவைப்பட்டால் 6 மாதம் கழித்துச் சீர்செய்யலாம். தினம் இருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவுவது, ஒற்றுவது, களிம்பு.

இரண்டாவது கேள்வி, மீதி வாரங்களை அவர் எப்படிக் கழிப்பது என்பது. யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேட்டோம். அன்று மாலை அவராகவே மாமியாரிடம் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அல்ல, ‘கீழ தையல் போட்டிருக்குதுங்க அத்தை, பிரிஞ்சுபோச்சு’ என்ற அளவில். அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டில் நாற்காலிபோல் வைத்து உட்காரும் கழிப்பறை ஸ்டாண்ட் வாங்கினார்கள். அடுத்த வாரம் மாமியாரே உடன் வந்தார். மருமகளை வெளியே அனுப்பிவிட்டுத் தனக்குப் பல வருடமாக ‘அடி இறங்கியிருப்பதை’ முதல் முறையாக ஒரு மருத்துவரிடம் சொன்னார். கர்ப்பப்பை இறக்கத்துக்கு இப்போது அவரும் சிகிச்சையில் இருக்கிறார்.

விளைவு

6-ஆம் வாரத்தில் புண் முழுதாக ஆறியது. இடது ஓரத்தில் சிறு பிளவு தங்கிவிட்டது. 8-ஆம் வாரம் வண்டி ஓட்டத் தொடங்கினார். தாம்பத்தியம் அதற்குப் பிறகுதான். முதலில் பயத்தால் இறுகியதால் வலித்தது, மெல்லச் சரியானது. தழும்பில் ஒரு புள்ளி மட்டும் தொட்டால் சுரீரென்றது. 4 மாதம் கழித்துத்தான் அடங்கியது.

6-ஆம் மாத முடிவில் மடங்கி அழுந்தும் வலியும் நாப்கின் இழுப்பதும் இல்லை. இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. பிளவைச் சீர்செய்யலாம் என்று சர்ஜன் சொன்னபோது மறுத்துவிட்டார்: “வலி போகணும்னுதானுங்க வந்தேன். போயிருச்சு.” விளக்கை அணைக்கும் பழக்கம் மாறியதா என்று உளவியலாளர் கேட்டதற்கு, இல்லை என்றார். கூச்சத்தை அறுவை சிகிச்சை தொடவில்லை. அதைத் தொடும் என்று நாங்கள் சொல்லியிருக்கவும் இல்லை. அதற்காக அவர் உளவியலாளரைப் பார்க்க இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

மாற்றியவை

இப்போது தேதி குறிப்பதற்கு முன்பே கேட்கிறோம்: வீட்டில் யாருக்குத் தெரியும்? மற்றவர்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? அந்தக் காரணம் இரண்டு வாரம் தாங்குமா? உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அது அந்தப் பெண்ணின் உரிமை. ஆனால் சொல்லும் காரணம் குனிவதையும், தூக்குவதையும், தரையில் உட்காருவதையும் சேர்த்துத் தடுக்கும்படி இருக்க வேண்டும். அடுத்த மூன்று வாரத்தில் வீட்டில் விசேஷம் உண்டா, கழிப்பறை எந்த வகை, ஓய்வெடுக்க அம்மா வீட்டுக்குப் போக முடியுமா என்பதும் கேள்விகளில் உண்டு.

அறிவுரைத் தாளிலிருந்து ‘நல்ல ஓய்வு’ என்ற வரி போய்விட்டது. எதையெல்லாம் செய்யக்கூடாது என்று வேலை வாரியாக எழுதியிருக்கிறோம். 3-ஆம் நாள் நேரில் வருவது கட்டாயம். போனில் ‘நல்லா இருக்கேன்’ என்பதை ஏற்பதில்லை. போனில் பேசும்போது ‘ஆம், இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லும்படி செவிலியர் கேட்கிறார்: நாப்கின் நனைகிறதா, ஒரு பக்கம் மட்டும் வீக்கமா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா. புண்ணைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்பதில்லை; குடும்பம் முழுதும் கையாளும் போனில் அப்படி ஒரு படம் இருப்பது சரியல்ல.

18 வயதுக்குக் கீழ் இந்த அறுவையைச் செய்வதில்லை என்பது முன்பிருந்தே எங்கள் விதி. பிரிட்டனின் ராயல் மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி 2013-ல் சொன்னதும் அதுவே. தொல்லை இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் வருபவர்களுக்கு இயல்பின் விரிவைக் காட்டும் படங்களை முதலில் காட்டுகிறோம். பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களும் உண்டு.

முறையைப் பற்றி எனக்கும் சர்ஜனுக்கும் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஓரம் வெட்டும் முறையைத் தேர்ந்திருந்தால் இந்தத் தையல் நின்றிருக்கும் என்கிறார் அவர். உரசலுக்காக வந்த பெண்ணுக்கு ஓரம் முழுக்கத் தழும்பு கொடுப்பதில் எனக்குத் தயக்கம் தீரவில்லை. இனி வீட்டுச் சூழலைக் கேட்டறிந்த பிறகே முறையைத் தீர்மானிப்பது என்றும், இரண்டு வாரம் குனியாமல் இருக்க வழியில்லாத வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஆப்பு வடிவ முறையைச் செய்வதில்லை என்றும் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.